சின்னப் பதிப்பகத்தில் வேலைக்குப் போகலாமா?



நீளமான பதிவு. ராத்திரிச் சாப்பாடு முடித்துவிட்டுச் சாவகாசமாகப் படியுங்கள்.

என்னிடம் ஐந்தாம் வகுப்பு படித்த ஒருத்தி போன வாரம் போன் செய்தாள். அவள் மகள் எம்.ஏ. தமிழ் முடித்திருக்கிறாள். ஒரு சின்னப் பதிப்பகத்தில் வேலைக்குக் கூப்பிட்டிருக்கிறார்களாம். "புத்தகத்தோடயே இருக்கலாம்மா" என்று பெண் குதிக்கிறாள். "அதுல என்ன சம்பளம் வந்துடப் போகுது" என்று அப்பா முறைக்கிறார். "டீச்சர், நீங்க ரிட்டையர் ஆன பிறகு நாலு வருஷம் அந்த மாதிரி இடத்துல இருந்தீங்களே, அனுப்பலாமா?" என்று கேட்டாள். என் நாத்தனார் பேரனும் இரண்டு மாதத்துக்கு முன் இதையே கேட்டான். எனவே எல்லோருக்கும் பொதுவாக எழுதிவிடுகிறேன்.

போகலாம் என்பதுதான் என் பதில். ஆனால் "புத்தகத்துக்காகக் கொஞ்சம் பொறுத்துக்கோம்மா" என்று அங்கே யாராவது சொன்னால், பொறுத்துக்கொள்வது யார், அதனால் மிச்சமாவது யாருக்கு என்று கணக்குப் போடத் தெரிந்துகொண்டு போக வேண்டும். மீதிப் பதிவெல்லாம் இதற்கான விளக்கம்தான்.

பதிப்பகத்தின் பெயரைக் கேட்டு இன்பாக்ஸுக்கு வராதீர்கள். சொல்ல மாட்டேன். அந்த ஒரு இடத்தைக் குறை சொல்வதற்காக எழுதவில்லை. இதைப் படிக்கிற அச்சக, பதிப்பக ஆட்கள் "நம்ம ஆபீஸ் மாதிரியே இருக்கே" என்றுதான் நினைக்கப் போகிறார்கள்.

நான் சேர்ந்தது 2019ல். மெய்ப்புத் திருத்தும் வேலை. காலை பத்து மணியிலிருந்து மதியம் இரண்டு மணி வரை, மாதம் 7,000 ரூபாய். சத்திரம் பஸ் ஸ்டாண்டில் இறங்கி நடக்கிற தூரம். ஒரு வீட்டின் கீழ்த்தளம். முன்னறையில் இரண்டு கம்ப்யூட்டர், ஒரு பிரிண்டர். மாடிப்படி முழுக்கப் புத்தகக் கட்டு. உபயோகத்தில் இல்லாத குளியலறைதான் குடோன். மழை பெய்தால் முதலில் குளியலறைக்குத்தான் ஓடுவோம். மொத்தம் ஐந்து பேர். உரிமையாளர், டைப்செட்டிங் செய்யும் ஒரு பெண், பார்சல் கட்டி போஸ்ட் ஆபீஸுக்கும் லாரி ஆபீஸுக்கும் ஓடும் ஒரு தம்பி, வாரம் ஒருநாள் வரும் கணக்கர், அப்புறம் நான். உரிமையாளரை எல்லோரும் "அண்ணன்" என்பார்கள். என்னைவிட வயதில் சிறியவர் என்பதால் நான் "தம்பி" என்பேன்.

நல்லதை முதலில் சொல்கிறேன். முப்பது வருஷத்துக்கு மேல் பாடப்புத்தகத்தைக் கையில் பிடித்தே நின்றவள் நான். ஒரு புத்தகம் எப்படி உருவாகிறது என்பது அங்கே போன பிறகுதான் தெரிந்தது. பெரிய கம்பெனிக்குப் போனால் ஒரு மேஜை, ஒரு வேலை. இங்கே எல்லாமே கண் எதிரில் நடக்கும். பாரம் என்றால் 16 பக்கம். புத்தகம் பாரக் கணக்கில் முடிய வேண்டும். அதனால்தான் சில புத்தகங்களின் கடைசியில் நாலைந்து பக்கம் வெறுமையாகவோ, அந்தப் பதிப்பகத்தின் விலைப்பட்டியலோடோ இருக்கிறது. நூல்களுக்கு ஐஎஸ்பிஎன் எண் அரசு ஏஜென்சி இலவசமாகவே தருகிறது என்பதும் அங்கேதான் தெரிந்தது. அந்த 13 இலக்கத்தில் ஒரு கணக்கு ஒளிந்திருக்கிறது. முதல் இலக்கத்தை ஒன்றால், அடுத்ததை மூன்றால், அதற்கடுத்ததை மறுபடி ஒன்றால் என்று மாற்றி மாற்றிப் பெருக்கிக் கூட்டுங்கள். கூட்டுத்தொகை பத்தால் மீதியின்றி வகுபடும். வகுபடவில்லை என்றால் எண் தப்பு. வீட்டில் இருக்கிற புத்தகத்தை எடுத்துப் பிள்ளைகளைப் போட்டுப் பார்க்கச் சொல்லுங்கள், நல்ல வாய்ப்பாட்டுப் பயிற்சி.

எழுத்துரு என்கிற ஒரு தலைவலியும் உண்டு. எழுத்தாளர்கள் ஒருவர் வானவில்லில் அனுப்புவார், ஒருவர் பாமினியில், ஒருவர் யூனிகோடில், ஒருவர் ரூல்டு பேப்பரில் பேனாவால். பழைய எழுத்துருவை யூனிகோடுக்கு மாற்றும்போது "கௌரவம்" என்பது "கெளரவம்" ஆகிவிடும். பழைய முறையில் ஔகாரத்தின் பின்பாதிக்கு ளகரத்தைப் போட்டு அடித்துவிடுவார்கள். மனிதக் கண் ஏமாந்துவிடும், கம்ப்யூட்டர் ஏமாறாது. அந்தச் சொல்லைத் தேடினால் கிடைக்காது. பௌர்ணமி, சௌந்தரம், மௌனம் என்று ஔகாரம் வருகிற சொற்களையெல்லாம் பட்டியல் போட்டு ஒவ்வொரு புத்தகத்திலும் தேடித் திருத்துவோம்.

முக்கியமான புத்தகம் என்றால் அந்தப் பெண் மூலத்தைச் சத்தமாகப் படிப்பாள், நான் புரூப்பில் கோடு போடுவேன். "கமா, புள்ளி, புதுப் பத்தி" என்று அவள் சொல்லச் சொல்ல, வகுப்பில் சொல்வதை எழுதுதல் நடத்துகிற மாதிரியே இருக்கும். "படித்து பார்த்தான்" என்று இருந்தால் இரண்டு பேரும் ஒரே நேரத்தில் "ப்" என்போம். அந்த நாலு மணி நேரம் எனக்கு அவ்வளவு பிடித்திருந்தது. எம்.ஏ. முடித்த அந்தப் பிள்ளைக்கும் பிடிக்கும். அதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

சில எழுத்தாளர்கள் "நீங்க டீச்சர் டிரெய்னிங் மட்டும்தானே?" என்று கேட்டுவிட்டு என் திருத்தத்தை அழிப்பார்கள். அதை நான் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. அழித்த இடத்தில் பிழை பிழையாகவே அச்சாகியிருக்கிறது, நூலகத்தில் போய்ப் பார்க்கலாம்.

இனி மற்றதைச் சொல்ல வேண்டும்.

அந்த அலுவலகத்தின் பதிவேடு எது என்றால், உரிமையாளரின் தலை. எந்தப் புத்தகம் எத்தனை அடித்தோம், எந்தக் கடையில் எவ்வளவு பாக்கி, எந்த எழுத்தாளருக்கு என்ன வாக்குக் கொடுத்தோம், எல்லாம் அவர் ஞாபகத்தில்தான். ஒருமுறை டெங்கு வந்து பத்து நாள் ஆஸ்பத்திரியில் படுத்துவிட்டார். அச்சகத்துக்கு எந்தக் கோப்பு போயிருக்கிறது என்றுகூட எங்களுக்குத் தெரியவில்லை. கம்ப்யூட்டரில் "பைனல்", "பைனல் புதுசு", "அண்ணன் ஓகே", "அண்ணன் ஓகே கடைசி" என்று நாலு கோப்பு. நாலும் ஒரே நாவல்.

இப்படி ஏன் ஆகிறது என்று நான் பலநாள் கவனித்திருக்கிறேன். அடிப்படைக் காரணம் பணம் வருகிற விதம். செலவு வாரா வாரம் வரும். பேப்பர், அச்சு, பைண்டிங், கரண்ட், கூரியர். வரவு வருஷத்தில் இரண்டு மூன்று தடவைதான், மொத்தமாக. பொங்கலை ஒட்டிச் சென்னைப் புத்தகக் காட்சி. 1977ல் தொடங்கியது, சின்னப் பதிப்பகத்துக்கு அதுதான் அறுவடை. அதற்கடுத்து நூலக ஆணை. நாம் வீட்டு வரியோடு கட்டுகிறோமே நூலக வரி, அந்தப் பணத்தில் அரசு நூலகங்களுக்குப் புத்தகம் வாங்குவார்கள். அது எப்போது வரும், எத்தனை பிரதி, பணம் எப்போது என்பதெல்லாம் பதிப்பகத்தின் கையில் இல்லை. கடைக்காரர்கள் 35 சதவீதம் வரை கழிவு கேட்பார்கள், சரக்கைக் கடனுக்கு எடுப்பார்கள், விற்ற பிறகுதான் பணம், அதுவும் நாலு தடவை போய் நின்றால்.

இடையில் எப்படிச் சமாளிப்பது? ஒரு எழுத்தாளர் தன் புத்தகத்தைப் போடச் சொல்லித் தன் பணத்தைக் கொடுப்பார். அந்தப் பணத்தில் முந்தைய புத்தகத்தின் அச்சுக் கடன் அடையும். இவருடைய புத்தகத்துக்கு அடுத்து ஒருவர் வர வேண்டும். சீட்டுப் பிடிக்கிறவர்கள் மாட்டிக்கொள்ளும் அதே வழி. ஒரு ஆள் வராமல் போனால் வரிசையே நின்றுவிடும். கொரோனா சமயத்தில் நின்றது. பாதிச் சம்பளம்தான் கொடுத்தார். அதை நான் குறையாகச் சொல்ல மாட்டேன், அவர் வீட்டிலும் அப்போது அடுப்பு ஒழுங்காக எரியவில்லை.

எனவே பணம் இல்லாததுதான் ஒழுங்கின்மைக்குக் காரணம் என்பார்கள். அவரும் அப்படித்தான் சொல்வார். பாதி உண்மை. மறுபாதிக்கு இரண்டு சம்பவம் சொல்கிறேன்.

ஒரு டிசம்பர் மாதம். கண்காட்சிக்கு ஆறு புத்தகம் ஒரே நேரத்தில் ஓடுகிறது. ஒரு பெரியவரின் தன்வரலாற்று நூல், 300 பிரதி, அவருடைய ஓய்வுப் பணத்தில் போட்டது. "அண்ணன் ஓகே" கோப்புக்குப் பதிலாக "பைனல் புதுசு" அச்சுக்குப் போய்விட்டது. ஏழாம் அத்தியாயத்தின் கடைசி இரண்டு பக்கம் இல்லை. அந்த இரண்டு பக்கத்தில்தான் அவர் தன் மனைவியின் கடைசி நாட்களை எழுதியிருந்தார். மறுபடி அச்சடிக்கப் பணம் இல்லை. அந்த இரு பக்கத்தைத் தனித் தாளில் அடித்து 300 பிரதியிலும் ஒட்டுவது என்று முடிவானது.

சனிக்கிழமை ராத்திரி ஒன்பது மணி வரையும், ஞாயிற்றுக்கிழமை முழுநாளும் மூன்று பேர் உட்கார்ந்து ஒட்டினோம். நான், அந்தப் பெண், பார்சல் தம்பி. உரிமையாளர் போண்டா வாங்கி வந்து கொடுத்தார். பக்கத்தில் உட்கார்ந்து அருமையாக இலக்கியம் பேசினார். அந்தப் பெண்ணின் குழந்தை காய்ச்சலோடு மாமியார் வீட்டில் இருந்தது. திங்கட்கிழமை நான் கேட்டேன், "தம்பி, ஞாயிற்றுக்கிழமைக்கு இவங்களுக்கு ஏதாவது சேர்த்துக் குடுப்பீங்களா?" அவர் உண்மையிலேயே ஆச்சரியப்பட்டார். "என்ன டீச்சர், நம்ம புத்தகம்ல!"

வேலை என்று வரும்போது அது நம்ம புத்தகம். சம்பளம் என்று வரும்போது அது அவருடைய கஷ்டம். இந்த இலக்கணம் மட்டும் அந்த அலுவலகத்தில் ஒருநாளும் மாறியதில்லை.

இதைப் பற்றிப் பேச்செடுத்தால் உடனே சி.சு.செல்லப்பாவைக் கொண்டு வந்துவிடுவார். சின்னப் பதிப்பகம் நடத்துகிற பலருக்கும் அவர்தான் குலதெய்வம். 1959ல் "எழுத்து" பத்திரிகையைத் தொடங்கியவர், புத்தக மூட்டையைச் சுமந்துகொண்டு கல்லூரி கல்லூரியாகப் போய் விற்றவர். உண்மை. கையெடுத்துக் கும்பிட வேண்டிய மனிதர். ஆனால் அவர் சுமந்தது தன் தோளில். போட்டதும் தன் கைப்பொருள். தன் லட்சியத்துக்குத் தானே பட்டினி கிடப்பதை நான் மதிக்கிறேன். தன் லட்சியத்துக்கு இன்னொரு வீட்டுப் பால் காசை நிறுத்தி வைப்பது வேறு விஷயம். இரண்டையும் ஒரே பெயரில் சொல்லக் கூடாது.

இரண்டாவது சம்பவம்தான் எனக்கு முக்கியம்.

பள்ளிக்கூடத்தில் வேலை பார்த்தவர்களுக்குத் தெரியும். ஒரு சாக்பீஸ் பெட்டி வந்தால் இருப்புப் பதிவேட்டில் ஏற்ற வேண்டும். சத்துணவு முட்டை எத்தனை வந்தது, எத்தனை வெந்தது, எத்தனை உடைந்தது எல்லாவற்றுக்கும் கணக்கு. ஆய்வுக்கு வருகிற அதிகாரி முதலில் கேட்பது அந்த நோட்டைத்தான். அப்படி வாழ்ந்தவளுக்கு, குளியலறையில் எத்தனை புத்தகம் இருக்கிறது என்று யாருக்குமே தெரியாத இடம் எப்படி இருக்கும்? இரண்டாம் வருஷம் ஒரு லாங் சைஸ் நோட்டு வாங்கினேன். பார்சல் தம்பியும் நானும் நாலு நாள் உட்கார்ந்து எல்லாக் கட்டையும் எண்ணினோம். புத்தகத்துக்கு ஒரு பக்கம். அச்சடித்தது, வந்தது, போனது, யாருக்குப் போனது, இருப்பு. அச்சக பில் எல்லாம் ஒரு பிஸ்கட் டின்னில் கிடந்தது. அதையும் தேதிவாரியாக அடுக்கினோம்.

உரிமையாளருக்கு முதலில் பெருமைதான். வருகிறவர்களிடமெல்லாம் நோட்டைக் காட்டி, "டீச்சர் நம்ம ஆபீஸையே ஸ்கூல் ஆக்கிட்டாங்க" என்பார். எந்தப் புத்தகம் தீரப்போகிறது என்று முன்கூட்டியே தெரிந்ததால் அந்த வருஷம் இரண்டு மறுபதிப்பு சரியான நேரத்தில் வந்தது. பார்சல் தம்பி நோட்டில் எழுதி எழுதியே கையெழுத்து திருந்திவிட்டான்.

நாலைந்து மாதம் கழித்து ஒரு எழுத்தாளர் வந்தார். விவசாய இலாகாவில் இருந்து ஓய்வு பெற்றவர். பாரம்பரிய நெல் ரகங்களைப் பற்றி ஒரு நூல் எழுதியிருந்தார். மாப்பிள்ளைச் சம்பா, கருப்புக் கவுனி, தூயமல்லி என்று ஊர் ஊராகப் போய் விசாரித்து எழுதிய நல்ல புத்தகம். விலை 180 ரூபாய். விற்பதில் பத்து சதவீதம் உரிமைத்தொகை என்று வாய்ப்பேச்சு. மூன்று வருஷத்தில் அவருக்குக் கிடைத்தது 25 பிரதியும் ஒரு பொன்னாடையும். "எவ்வளவு போயிருக்கும் சார்?" என்று கேட்டார். உரிமையாளர் வழக்கம்போல, "கவிதையும் விவசாயமும் எங்கேங்க போகுது, நூறு நூத்திருபது போயிருந்தா பெருசு" என்றார்.

நோட்டு என் மேஜையில்தான் இருந்தது. அவர் என்னைப் பார்த்துத்தான், "நீங்கதானே அம்மா கணக்கு பாக்கிறீங்க?" என்றார். நான் அந்தப் பக்கத்தைத் திறந்து அவர் முன்னால் வைத்தேன். அச்சடித்தது 500. இருப்பு 87. ஆசிரியர் பிரதியும் விமர்சனப் பிரதியும் சேர்த்து 45. கடைகளில் கடனில் நிற்பது 60. மீதி 308 விற்றிருக்கிறது. பிரதிக்கு 18 ரூபாய் வீதம் 5,544 ரூபாய்.

ஐயாயிரத்துச் சொச்சம் பெரிய தொகையா என்று கேட்பீர்கள். அவர் அந்தப் புத்தகத்துக்காகப் பஸ்ஸுக்குச் செலவழித்ததே அதைவிட அதிகம் இருக்கும். ஆனால் அவர் முகத்தை நான் பார்த்தேன். பணத்தைக் கேட்டதும் வந்த முகம் இல்லை அது. "முந்நூறு பேர் வாங்கியிருக்காங்களா!" என்றார். மூன்று வருஷமாகத் தன் புத்தகத்தை யாரும் சீண்டவில்லை என்று நம்பிக்கொண்டிருந்திருக்கிறார். அடுத்த புத்தகத்துக்குச் சேர்த்த குறிப்புகளை அட்டைப்பெட்டியில் போட்டு மூடிவிட்டாராம். ஒரு பொய்க் கணக்கு பணத்தை மட்டும் எடுத்துக்கொள்வதில்லை என்று அன்றைக்குப் பார்த்தேன்.

அவர் போன பிறகு உரிமையாளர் என்னிடம் கோபமாகப் பேசவில்லை. அவர் சுபாவம் அப்படிப்பட்டதல்ல. "டீச்சர், இதெல்லாம் வெளியாளுங்ககிட்ட காட்டுறதில்லை" என்றார். "அவர் வெளியாளா தம்பி, புத்தகம் எழுதினவராச்சே" என்றேன். தொகையை இரண்டு தவணையாகக் கொடுத்தார், அதை மறைக்க மாட்டேன். ஆனால் அடுத்த வாரம் நோட்டு பீரோவுக்குள் போனது. சாவி அவரிடம். பார்சல் தம்பி மறுபடி துண்டுச் சீட்டில் எழுத ஆரம்பித்தான்.

பிள்ளைகளே, இதைத்தான் கவனிக்க வேண்டும். நோட்டு வாங்கப் பெரிய பணம் தேவையில்லை. எழுத ஆள் இருந்தது. எழுதினால் லாபம் என்பதையும் கண்ணால் பார்த்தாயிற்று. அப்படியும் பூட்டி வைத்தார்கள் என்றால், அங்கே கணக்கு இல்லாதது வறுமையாலோ சோம்பலாலோ மட்டும் இல்லை. கணக்கு இல்லாதவரை யாருக்கு என்ன பாக்கி என்று உறுதியாகச் சொல்ல முடியாது. சொல்ல முடியாதவரை கொடுக்காமல் தள்ளலாம். கெட்ட எண்ணத்தோடு அவர் அதைச் செய்தார் என்று நான் நினைக்கவில்லை. அவரே அந்தக் குழப்பத்துக்குள் மறைந்து வாழப் பழகிவிட்டார். பாக்கி எவ்வளவு என்று தெரிந்தால் அவருக்கே தூக்கம் வராது.

நான் அங்கே அத்தனை நாள் இருக்க முடிந்ததற்கும் ஒரு காரணம் உண்டு, அதையும் சொல்லிவிட வேண்டும். எனக்கு மாதா மாதம் பென்ஷன் வருகிறது. 2003க்கு முன்பே வேலையில் சேர்ந்தவள், பழைய ஓய்வூதியம். 7,000 ரூபாய் பதினைந்தாம் தேதி வந்தாலும், அடுத்த மாதம் வந்தாலும் என் வீட்டில் உலை கொதிக்கும். அதனால் அந்த அலுவலகத்தின் கூத்தெல்லாம் எனக்கு ரசிக்கக்கூடியதாக இருந்தது. நாலு "பைனல்" கோப்பைப் பார்த்துச் சிரித்தேன். டைப்செட்டிங் பெண் சிரிக்கவில்லை. அவளுக்கு 9,000 ரூபாய், அதில்தான் வாடகை. ஐந்தாம் தேதி வீட்டுக்காரர் வந்து நிற்பார். "லைப்ரரி ஆர்டர் வரட்டும்மா" என்ற பதிலை அவள் வீட்டுக்காரரிடம் போய்ச் சொல்ல முடியாது. சின்னப் பதிப்பக வாழ்க்கையை இனிக்க இனிக்க எழுதுகிறவர்களைப் பார்த்தால், பெரும்பாலும் வேறு வருமானம் இருக்கும். பாங்கு வேலை, பேராசிரியர் வேலை, இல்லையென்றால் என்னைப்போல் பென்ஷன்.

சட்டத்தின் பக்கமாகப் பார்த்தாலும் அந்தப் பெண்ணுக்குப் பெரிய துணை இல்லை. வருங்கால வைப்புநிதி 20 பேர் வேலை செய்கிற இடத்துக்குத்தான் கட்டாயம். பணிக்கொடைக்கு 10 பேர் வேண்டும். ஐந்து பேர் இருக்கிற இடத்தில் அவளுக்கு இருந்தது உரிமையாளரின் நல்ல மனசு ஒன்றுதான். அது நிஜமாகவே நல்ல மனசு. ஆனால் அதைக் கொண்டு வாடகை கட்ட முடியாது.

எனவே எம்.ஏ. முடித்த கண்ணுக்கு நான் போனில் சொன்னது இது. முதல் நாளே ஒரு தாளில் சம்பளம் எவ்வளவு, எந்தத் தேதியில், வேலை நேரம் என்ன என்று எழுதி வாங்கு. லெட்டர்பேடில் நாலு வரி போதும். "குடும்பம் மாதிரி இருக்கோம், இதெல்லாம் எதுக்கு" என்று சொன்னால், குடும்பத்திலும் மளிகைக் கணக்கு எழுதுவார்கள் என்று சிரித்துக்கொண்டே சொல். ஞாயிற்றுக்கிழமை வேலை, ராத்திரி வேலை எல்லாவற்றையும் உன் சொந்த நோட்டில் தேதி போட்டு எழுது. உனக்கு வைக்கிற நோட்டை யாரும் பீரோவில் பூட்ட முடியாது. இரண்டு மாதச் சம்பளம் சேர்ந்து நின்றால் மூன்றாவது மாதத்துக்குக் காத்திருக்காதே. ஒரு வருஷம், அதிகமானால் இரண்டு வருஷம் இரு. எல்லா வேலையும் கற்றுக்கொள். அதற்குச் சின்ன இடத்தைவிட நல்ல பள்ளிக்கூடம் இல்லை. அப்பா பயப்படுவது சம்பளம் குறைவு என்று. குறைந்த சம்பளத்தில் நாம் எல்லோரும் குடும்பம் நடத்தியவர்கள்தான். வராத சம்பளத்தில் நடத்த முடியாது.

என் மாணவர்களில் கவிதை, கதை எழுதுகிறவர்கள் ஏழெட்டுப் பேர் இருக்கிறீர்கள். உங்களுக்குத் தனியாகச் சொல்கிறேன். பொன்னாடைக்கு முன்னால் ஒப்பந்தம் கேளுங்கள். 1957ஆம் வருஷத்துக் காப்புரிமைச் சட்டப்படி உரிமையை ஒருவருக்கு எழுதிக் கொடுப்பதென்றால் அது எழுத்தில், கையெழுத்தோடு இருக்க வேண்டும். எத்தனை வருஷத்துக்கு என்று அதில் குறிக்காமல் விட்டால் ஐந்து வருஷம் என்றுதான் சட்டம் எடுத்துக்கொள்ளும். வாய்ப்பேச்சில் கொடுத்துவிட்டு "என் புத்தகம் அவங்ககிட்ட மாட்டிக்கிச்சு டீச்சர்" என்று அழுகிறவர்கள் முதலில் தாள் ஏதாவது இருக்கிறதா என்று தேடிப் பாருங்கள். தாளே இல்லையென்றால் உரிமையை நீங்கள் எழுதிக் கொடுக்கவே இல்லை. வருஷத்துக்கு ஒருமுறை, மார்ச் முடிந்ததும், அச்சடித்தது எத்தனை, இருப்பு எத்தனை என்று ஒரு கடிதம் போடுங்கள். சண்டையாகக் கேட்க வேண்டாம். ஆனால் வருஷம் தவறாமல் கேளுங்கள். கேட்கிறவர்கள் நாலு பேர் ஆனால் பீரோவில் இருக்கிற நோட்டு தானாக மேஜைக்கு வரும்.

சின்னப் பதிப்பகங்கள் வேண்டாம் என்று நான் சொல்வதாக யாரும் எடுத்துக்கொள்ளாதீர்கள். நெல் ரகங்களைப் பற்றிய அந்தப் புத்தகத்தைப் பெரிய இடம் எதுவும் போட்டிருக்காது. அந்த உரிமையாளர் கையெழுத்துப் பிரதியை ஒரே ராத்திரியில் படித்துவிட்டு, மறுநாள் காலையில் அந்தப் பெரியவர் வீட்டுக் கதவைத் தட்டியவர். அந்தக் குணம் இல்லாவிட்டால் தமிழில் பாதிப் புத்தகம் வந்திருக்காது. அந்த மனிதருக்கு ஒரு நல்ல கணக்குப்பிள்ளை கிடைத்து, அவன் சொல்வதை அவர் கேட்கவும் செய்தால் ஊருக்கே நல்லது.

நான் 2023ல் நின்றுவிட்டேன். கண்ணில் புரை ஆபரேஷன், அப்புறம் பேத்தி பிறந்தாள். பார்சல் தம்பி கூரியர் கம்பெனிக்குப் போய்விட்டான். டைப்செட்டிங் பெண் இப்போது ஒரு கல்யாணப் பத்திரிகை அச்சகத்தில் இருக்கிறாள். அங்கே இலக்கியம் கிடையாது, ஒன்றாம் தேதி சம்பளம் உண்டு. சந்தேகம் வந்தால் எனக்குப் போன் செய்வாள். போன மாதம், "டீச்சர், 'நல்வரவை விரும்பும்'னு போடுறோமே, 'நல்வரவு'க்கு நடுவுல ஒற்று எதுவும் வருமா?" என்று கேட்டாள். வராது என்றேன்.

பழைய இடத்தில் அவளுக்கு இன்னும் இரண்டு மாதச் சம்பளம் நிற்கிறது, 18,000 ரூபாய். மூன்று தடவை போயிருக்கிறாள். மூன்று தடவையும் டீ வாங்கிக் கொடுத்து, லைப்ரரி ஆர்டர் வந்ததும் தருவதாகச் சொல்லியிருக்கிறார்கள். அவள் வேலை செய்த நாளையெல்லாம் தேதி போட்டு எழுதிய நோட்டு அவளிடம் இருக்கிறது. வருகிற செவ்வாய்க்கிழமை அதை எடுத்துக்கொண்டு அவளோடு நானும் போகிறேன்.